சட்டாம்பிள்ளையின் முன்னங்கால்

ஜூன் 2

ஆய்வகக் கிருமி நிபுணர் அவர்களுக்கு,

வணக்கம். இதை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. என் மனைவியும் உங்கள் மனைவியும், அக்காளும் தங்கையுமாக ஃபோனில் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். "ஒரே வீட்ல பொண்ணு எடுத்த ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டு நிப்பீங்க, நாங்க நடுவுல தூது போகணுமா? ஃபோன்ல பேச வாய் வரலன்னா உக்காந்து எழுதுங்க" என்று என்னுடையவள் சொல்லிவிட்டாள். அதே வசனம் அங்கேயும் ஒலித்திருக்கும்.

நம் இருவருக்கும் மாமியாரான அத்தையின் பிறந்தநாள் விருந்தில் நடந்ததைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. அத்தனை பேர் முன்னால் "நீங்க மருந்து எழுதுறது இருட்டுல கல்லெறியற மாதிரி" என்று ஆரம்பித்தவர் நீங்கள். "கண்ணாடித் தட்டுல கிருமிக்குத் தாலாட்டுப் பாடுறவருக்கு நாயோட வால் எந்தப் பக்கம்னு தெரியுமா?" என்று நான் கேட்டது அதற்குப் பிறகுதான். சாப்பிடாமல் எழுந்து போனவரும் நீங்கள்தான். எழுதப் போவதில்லை என்றேன், எழுதிவிட்டேன். போகட்டும்.

விஷயம் சட்டாம்பிள்ளை. அத்தை பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்தில், குழந்தைகளை வரிசையில் நிறுத்திய குட்டி நாய்க்கு அவரே வைத்த பெயர். அவருக்குக் காது அறவே போன பிறகு அந்த வீட்டுக்குக் காது அதுதான். வாசல் மணி அடித்தால் மாடிக்கு ஓடிப்போய் அவர் கையைக் கவ்வி இழுக்கும். அடுப்பில் ஏதாவது பொங்கினால் ஊரைக் கூட்டும். இப்போது அதன் இடது முன்னங்காலில் புண். அமாக்ஸிசிலின் கலவை கொடுத்தால் ஆறுகிறது. மருந்து முடிந்த கொஞ்ச நாளில் மறுபடி சீழ் பிடிக்கிறது. இது மூன்றாவது முறை. காலைத் தூக்கிக்கொண்டு நொண்டுகிறது, மாடிப்படியில் கால் வைப்பதில்லை. எக்ஸ்-ரே பார்த்த அறுவை நிபுணர், "எலும்புல இறங்கிடுச்சு போல, காலை எடுத்துடலாம்" என்கிறார். வயதும் ஆகி, உடம்பும் கனத்த நாய். மூன்று காலில் அது மாடி ஏறப் போவதில்லை.

எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லுங்கள். புண்ணிலிருந்து எடுத்த மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் காலைப் பேருந்தில் அனுப்பியிருக்கிறேன். கடிதம் மூடியில் ஒட்டியிருக்கிறது. ஈரம் பட்டு எழுத்து கலைந்திருந்தால் அது என் கண்ணீர் அல்ல.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர்


ஜூன் 6

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

கண்ணீர் இல்லை என்று ஆய்வகத்திலேயே உறுதி செய்துகொண்டேன்.

நீங்கள் அனுப்பிய மாதிரியில் ஒரு கிருமி வளரவில்லை. ஒரு திருவிழாக் கூட்டமே வளர்ந்தது. நாய் நக்கியது, மண்ணில் உரசியது, உங்கள் மேஜையில் கிடந்தது எல்லாம் தட்டில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அதில் ஒன்று மட்டும் பெரிய முரடன். எந்த மருந்து கொல்லும் என்று பார்க்கத் தட்டில் நாங்கள் வைத்த, மருந்து தோய்த்த வில்லைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை அது மதிக்கவேயில்லை.

இந்த இடத்தில் நீங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். தயவுசெய்து உட்காருங்கள். அந்த முரடன்தான் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. கூட்டத்தில் மீசை வைத்தவன் எல்லாம் திருடன் ஆகிவிடுவானா? மேல்தோலைத் துடைத்து எடுத்திருக்கிறீர்கள், அதுவும் மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே. மருந்துக்குப் பயந்து உண்மையான ஆள் உள்ளே பதுங்கியிருப்பான், வாசலில் நிற்கிற வெட்டி ஆட்கள்தான் கையில் சிக்குவார்கள்.

நாய் தாங்குமென்றால் மருந்தைச் சில நாள் நிறுத்துங்கள். பிறகு மேலே நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு, ஆழத்திலிருந்து எடுத்து அனுப்புங்கள். அதுவரை எந்தப் பெரிய மருந்துக்கும் தாவ வேண்டாம்.

நாயின் வால் பின்பக்கம் இருக்கிறது. புத்தகத்தில் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
கிருமிக்குத் தாலாட்டுப் பாடுபவன்


ஜூன் 12

அன்புள்ள சகலைக்கு,

"உட்காருங்கள்" என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்தபோது நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். மனிதர்களுக்கே கடைசி அம்பாக வைத்திருக்கிற ஊசி மருந்தை வாங்கிவரச் சொல்லி ஆளையும் அனுப்பிவிட்டேன். அடுத்த வரியைப் படித்துவிட்டு வாசல் வரை ஓடிப்போய்த் திரும்பக் கூப்பிட்டேன். என் ஓட்டத்தைப் பார்த்து வரிசையில் இருந்த நாய்களெல்லாம் குரைத்தன.

மேலோடு எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்குச் சட்டாம்பிள்ளை என்னைக் காலைத் தொடவிடவில்லை. பார்த்த பார்வையில் அத்தையின் சாயல் இருந்தது. இந்த முறை மயக்கம் கொடுத்து, நீங்கள் சொன்னபடியே ஆழத்திலிருந்து எடுத்திருக்கிறேன். மருந்து நிறுத்திய நாட்களில் கால் வீங்கிவிட்டது. அத்தை என்னோடு சரியாகப் பேசவில்லை. நிறுத்தச் சொன்னது நீங்கள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

நடுவில் ஒரு கூத்து. எங்கள் தெருவில் ரவுடி என்று ஒரு பூனை. போன வாரம் கன்னம் ஆரஞ்சுப் பழம் மாதிரி வீங்கிப்போய், தானாகவே வந்து என் மேஜை மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. கீறினால் சீழ். சீழுக்குள் எதிராளிப் பூனையின் உடைந்த நகம்! நகத்தை எடுத்துக் கழுவிவிட்டு, சட்டாம்பிள்ளைக்குக் கொடுக்கும் அதே அமாக்ஸிசிலின் கலவையைப் பூனை அளவுக்குக் கொடுத்தேன். கன்னம் வற்றிவிட்டது, மறுபடி சண்டைக்குக் கிளம்பிவிட்டது. ஒரே மருந்துதான். தெருப்பூனைக்குக் கைமேல் பலன், சொந்த வீட்டு நாய்க்கு மட்டும் இந்தப் பாடு. என்ன நியாயம் இது?

அறுவை நிபுணர் இருபத்திரண்டாம் தேதி வருகிறார். சீக்கிரம் சொல்லுங்கள்.

சகலை


ஜூன் 15

அன்புள்ள சகலைக்கு,

வளர்ந்துவிட்டது! ஒரே ஆள்! தட்டைத் திறந்தபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரி பேனாவைக் கீழே போட்டுவிட்டாள். கலப்படமே இல்லை, தட்டு முழுக்க ஒரே நிறத்துக் குட்டிக் குட்டி மணிகள். நாய்களின் தோலில் சாதாரணமாகவே குடியிருக்கும் கிருமிதான். முரடன் எங்கேயும் காணோம். அவன் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன்.

இதற்கு மேல்தான் ஆச்சரியமே. மருந்து வில்லைகளை வைத்துப் பார்த்தேன். உங்கள் பழைய அமாக்ஸிசிலின் கலவை வில்லையைச் சுற்றிக் கிருமியே இல்லாமல் பளிச்சென்று ஒரு வட்டம், பௌர்ணமி நிலா மாதிரி. அதாவது நீங்கள் முதல் நாளே எழுதிய மருந்து சரியான மருந்து. இருட்டில் எறிந்த கல் என்று சொன்னேன் அல்லவா? அது குறி தவறாமல்தான் பட்டிருக்கிறது. ஆய்வகத் தாளில் முத்திரையோடு இதை எழுதித் தருகிறேன், சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.

கடைசி அம்பைத் தொடவே வேண்டாம். எலி பிடிக்க யானையை அழைத்தால் எலி தப்பிவிடும், வீடு மிஞ்சாது.

ஆனால் சகலை, ஒன்று உறுத்துகிறது. கிருமி மருந்துக்கு அடங்குகிறது என்றால் புண் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? எனக்கு இரண்டு காரணம்தான் தோன்றுகிறது. ஒன்று, மாத்திரை நாயின் வயிற்றுக்கு ஒழுங்காகப் போகவில்லை. அல்லது, போகிற மருந்து எட்டாத இடத்தில் ஏதோ நடக்கிறது. எது என்று அங்கிருந்து நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

சகலை


ஜூன் 17

சகலை,

எல்லாம் நாசமாகிவிட்டது. உங்கள் முதல் காரணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே அத்தை வீட்டுக்குப் போனேன். புண் ஆறினாற்போலத் தெரிந்ததும் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுகிறவர்களை நான் நித்தமும் பார்க்கிறேன். அத்தையும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். கொஞ்சம் பக்குவமாகக் கேட்டிருக்கலாம். "மாத்திரைய நடுவுல நிறுத்திட்டீங்கதானே?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆரம்பித்தார்.

"ஊர்க் குழந்தைங்கள எல்லாம் ஒரு கீறல் இல்லாம வீடு சேர்த்தவ நான். வேளைக்கு வண்டி எடுக்காம ஒரு நாள் இருந்திருப்பேனா? என் நாய்க்கு வேளைக்கு மாத்திரை கொடுக்காம இருப்பேனா? ரொட்டிக்குள்ள வெச்சுக் கொடுத்து, வாயைத் திறந்து நாக்குக்கு அடியிலயும் பாத்துட்டுத்தான் விடுவேன். கடைசி மாத்திரை வரைக்கும்! உனக்கு வைத்தியம் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. என் மேல பழி போடாத. வெளிய போ!"

"வெளிய போ" என்பதைத் தெருமுனை வரை கேட்கும்படி சொன்னார். சட்டாம்பிள்ளை அந்த நொண்டிக் காலோடு எழுந்து வந்து என்னை வாசல் வரை வழியனுப்பியது. அதற்குத்தான் என் மேல் இன்னும் கொஞ்சம் மரியாதை இருக்கிறது.

என்னுடையவளும் அம்மா பக்கம் சேர்ந்துவிட்டாள். வீட்டில் எனக்குத் தட்டு வைக்கிற சத்தமே வேறு மாதிரி இருக்கிறது.

அத்தை சொல்வது உண்மைதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்படியென்றால் என்னதான் இது? இதில் நான் பார்க்காதது என்ன இருக்கிறது? முதல் தடவை விரலிடுக்கில் வீங்கியது. முள்ளோ என்னவோ என்று துழாவிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மருந்தில் ஆறியது. இரண்டாவது முறை மணிக்கட்டுக்குப் பக்கத்தில் உடைந்தது, அதுவும் ஆறியது. இப்போது முழங்கைக்குக் கொஞ்சம் கீழே. எக்ஸ்-ரேயில் எலும்பு ஓரத்தில் லேசாக ஒரு மங்கல், வேறொன்றும் இல்லை. திங்கட்கிழமை அறுவை நிபுணர் வந்து காலை எடுத்துவிடுவார். அத்தை சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். என் முகத்தைப் பார்க்காமலே போட்டார்.

சகலை


ஜூன் 18
(இதைப் பிரித்த கையோடு படிக்கவும்)

சகலை! சகலை!

உங்கள் கடிதத்தை நீங்களே மறுபடி படித்துப் பாருங்கள். விரலிடுக்கு. பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை. கிருமிக்குக் கால் கிடையாது! அது பரவும், பெருகும், ஆனால் இப்படி ஒவ்வொரு படியாகக் காலில் ஏறாது. புண் நடக்கிறது என்றால் உள்ளே ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கிறது!

ரவுடியை நினைத்துப் பாருங்கள். அந்த நகத்தை உள்ளேயே விட்டுவிட்டு மருந்து மட்டும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆறியிருக்கும், மருந்து முடிந்ததும் வீங்கியிருக்கும், மறுபடி ஆறியிருக்கும். கிருமிகள் அந்த நகத்தைக் கோட்டையாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மருந்து வெளியே திரிகிற படையைத்தான் அழிக்கும், கோட்டைக்குள் நுழையாது. சட்டாம்பிள்ளையின் காலுக்குள்ளும் ஒரு கோட்டை இருக்கிறது. எக்ஸ்-ரேயில் இரும்பு தெரியும், கல் தெரியும். குச்சியோ புல்லோ தெரியாது. நீங்கள் முதல் தடவை துழாவியபோது அது அந்த இடத்தைக் கடந்து மேலே போயிருக்கும்.

ஸ்கேன் செய்து பாருங்கள். இன்றே. புண் வாயில் பார்க்காதீர்கள், அதற்கு மேலே பாருங்கள். போகிறவன் முன்னால்தானே இருப்பான்?

அத்தை மாத்திரை கொடுத்திருக்கிறார். நம் ஆய்வகத் தட்டும் அதைத்தான் சொல்கிறது. மாத்திரையை அரைகுறையாகக் கொடுத்துவந்த நாயிடம் மருந்துக்கு இவ்வளவு சாதுவாக அடங்குகிற கிருமியை நான் அதிகம் பார்த்ததில்லை. நான் தப்பாகவும் இருக்கலாம். தப்பென்றால் திங்கட்கிழமை கத்தி எப்படியும் வரத்தான் போகிறது. அதற்குள் ஒருமுறை தேடிவிடுங்கள்.

அவசரத்தில் கிறுக்குகிறேன், எழுத்தை மன்னிக்கவும்.


ஜூன் 20

தம்பி,

இனி உன்னை "நீங்கள்" என்று எழுத எனக்குப் பொறுமை இல்லை. கிடைத்துவிட்டது!

முதலில் இருந்து சொல்கிறேன், இல்லையென்றால் வெடித்துவிடுவேன். என்னிடம் ஸ்கேன் மிஷின் கிடையாது. பண்ணைகளுக்குப் போய் மாட்டுக்குச் சினை பார்க்கிற நண்பரிடம் கையில் தூக்கிப் போகிற மிஷின் ஒன்று இருக்கிறது. அவர் ஒரு தொழுவத்தில் நின்றுகொண்டிருந்தபோதே போய் இழுத்து வந்தேன். "யோவ், என் மிஷினு கன்னுக்குட்டியத் தவிர வேற எதையும் பாத்ததில்லய்யா" என்றார். "இன்னைக்கு அதுக்குப் பதவி உயர்வு" என்றேன்.

அடுத்த பிரச்சினை அத்தை. எனக்கோ அந்த வீட்டுக்குள் போகத் தடை. என்னுடையவளைக் கெஞ்சினேன். உன் கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். படித்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கொஞ்ச நேரத்தில் அத்தையும் சட்டாம்பிள்ளையும் என் வாசலில். அத்தை என்னிடம் பேசவில்லை. சிகிச்சை அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

காலில் மயிரை மழித்து, ஸ்கேனுக்கான பசையைத் தடவி, மெதுவாக மேலே நகர்த்தினோம். திரையில் சாம்பல் நிறம்தான், வேறொன்றும் இல்லை. புண் வாயைத் தாண்டினோம், ஒன்றுமில்லை. நண்பர் மிஷினை அணைக்கப் போனார். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் மேல" என்றேன். முழங்கை மடிப்பை ஒட்டி, தசைக்குள், கறுப்பாக ஒரு சின்னக் குட்டை. அதன் நடுவே வெள்ளையாக, மெலிசாக, இரண்டு முனையும் கூராக ஒரு கோடு! நண்பர் என் தோளில் அடித்த அடி இன்னும் வலிக்கிறது. "இது கன்னுக்குட்டி இல்லய்யா!" என்று கத்தினார்.

மயக்கம் கொடுத்தேன். ஒரு விரல் அகலத்துக்குக் கீறினேன். இடுக்கியை விட்டால் வழுக்குகிறது. பிடித்தேன், நழுவியது. மறுபடி பிடித்தேன். பின்னால் இழுத்தால் வரமாட்டேன் என்கிறது, தசையைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. அப்போதுதான் புரிந்தது. முன்பக்கமாக ஒரு சின்ன வழி கீறி, அது போகிற போக்கிலேயே தள்ளி எடுத்தேன். வந்துவிட்டது! ஊசிப்புல்லின் விதை, தம்பி! நகத்தின் நீளம்கூட இல்லை. உடம்பெல்லாம் பின்னோக்கிச் சாய்ந்த சுணை. முன்னால்தான் போகும், பின்னால் வராது. நாய் நடக்க நடக்க அதுவும் நடந்திருக்கிறது. இந்தத் துரும்பு ஒரு முழுக் காலை விலையாகக் கேட்டிருக்கிறது.

இடுக்கியில் அதைத் தூக்கிக் கண்ணாடிக் கதவுப் பக்கம் காட்டி, உதட்டை அகலமாக அசைத்து, "புல்லு" என்றேன். அத்தை கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டு தட்டென்று தட்டினார். உடைந்துவிடும் என்று என்னுடையவள் பிடித்து இழுத்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள், நண்பரும் மூக்கை உறிஞ்சினார். நான் அழவில்லை. தையல் போடுகிறவன் அழக் கூடாது.

அறுவை நிபுணருக்கு விதையின் படத்தை அனுப்பினேன். "இது என் கண்ணிலும் படவில்லை. திங்கட்கிழமை நான் வரவில்லை, வாழ்த்துகள்" என்று பதில் போட்டார். நல்ல மனுஷன்.

விதையையும் அதைச் சுற்றியிருந்த சீழையும் பெட்டியில் வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லு.

அண்ணன்


ஜூன் 23

அண்ணே,

உங்கள் கடிதத்தை நின்றபடி படித்தேன், நடந்தபடி படித்தேன், கடைசியில் ஆய்வகத்தில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "இது கன்னுக்குட்டி இல்லய்யா" என்ற இடத்தில் கை தட்டினார்கள். விதையை நுண்ணோக்கியில் வைத்து ஆளாளுக்கு முறை போட்டுப் பார்த்தோம். அந்தச் சுணை ஒவ்வொன்றின் இடுக்கிலும் நம் பழைய ஆள் குடித்தனம் நடத்தியிருக்கிறான். அதே கிருமிதான். இப்போதும் அமாக்ஸிசிலின் கலவைக்கு அடங்குகிறான். நிலா இன்னும் வட்டமாகவே இருக்கிறது.

நீங்கள் டாக்டர், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோட்டை விழுந்துவிட்டது, படை இன்னும் கொஞ்சம் மிச்சம். மருந்து முழுவதும் முடிகிற வரை கொடுங்கள். புண் பளபளவென்று ஆகிவிட்டது என்று நடுவில் நிறுத்த வேண்டாம். ஆனால் இந்த எச்சரிக்கையைத் தயவுசெய்து அத்தையிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். உயிருக்கு நான் பொறுப்பில்லை.

மருந்து முடிந்த பிறகுதான் உண்மையான சோதனை. முன்பு இரண்டு முறையும் அதற்குப் பிறகுதானே ஏமாந்தோம்? உள்ளே இன்னொரு விதை இருந்தால்? கிருமியைப் பற்றி நான் உறுதி சொல்லலாம், புல்லைப் பற்றிச் சொல்ல முடியாது. உங்களிடமிருந்து இரண்டு வரி வரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது.

இங்கே இவள் உங்கள் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். "மாமா இவ்வளவு நல்லா எழுதுவாரா? நீங்களும் இருக்கீங்களே, எப்பப் பாத்தாலும் கிருமி, கிருமின்னு" என்கிறாள். சண்டை முடிந்ததில் எனக்கு இதுதான் முதல் நஷ்டம்.

தம்பி


ஜூலை 27

அன்புத் தம்பிக்கு,

வேண்டுமென்றேதான் தாமதித்தேன். மருந்து முடிந்ததும் எழுத உட்கார்ந்தேன், பயமாக இருந்தது, பேனாவை மூடிவிட்டேன். தினம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அத்தை வீட்டுத் தெரு வழியாகப் போவேன். சட்டாம்பிள்ளை ஜன்னல் வழியாகக் காலை நீட்டும், நான் வெளியிலிருந்தே தடவிப் பார்ப்பேன். வீக்கம் இல்லை. சூடு இல்லை. தழும்பில் மயிர் முளைத்துவிட்டது. முன்பு புண் திரும்பி வந்த நாளெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. நேற்று அந்த நண்பரைக் கூப்பிட்டு மறுபடி ஸ்கேன் செய்தோம். வெறும் தசை, வெறும் எலும்பு. எக்ஸ்-ரேயும் எடுத்தேன், எலும்பு ஓரத்தில் இருந்த அந்த மங்கலும் தெளிந்துவிட்டது. திரையில் அவ்வளவு அழகான வெறுமையை நான் பார்த்ததே இல்லை!

இன்று காலை அத்தை வீட்டுக்குப் போனேன். வாசல் மணியை அடித்துவிட்டுக் கதவில் காதை வைத்தேன். உள்ளே மரப்படிகளில் தடதடவென்று சத்தம். நாலு காலும், தம்பி! மேலே ஓடியது, மேலிருந்து அத்தையை இழுத்துக்கொண்டு கீழே ஓடி வந்தது. நான் வாசற்படியில் சின்னப் பிள்ளை மாதிரி குதித்ததை எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

அத்தை கதவைத் திறந்தார். அந்த வீட்டை விட்டு என்னை விரட்டிய பிறகு அவர் என்னோடு நேராகப் பேசியதே இல்லை. அவர் முகத்துக்கு எதிரே நின்று சொன்னேன்: "அத்தை, நான் உங்க மேல பழி போட்டது தப்பு. மன்னிச்சிடுங்க."

"என்னது?" என்றார்.

கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"காதுல விழல. நல்லா சத்தமா சொல்லு."

கத்திச் சொன்னேன். ஜன்னல்கள் திறந்தன. எதிர்வீட்டுக்காரர் மனைவியையும் கூப்பிட்டுக்கொண்டு வெளியே வந்தார். தெருமுனை வரை தலைகள் முளைத்தன. சட்டாம்பிள்ளை என் கூடச் சேர்ந்து ஒரு ஊளை விட்டது. அத்தை தெருவை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று திருப்தி அடைந்த பிறகு என் கன்னத்தைத் தட்டினார்.

"மொத தடவையே புரிஞ்சிடுச்சு. உதட்டைப் படிக்கத் தெரியும்னு உனக்குத்தான் தெரியுமே. உள்ள வா, சாப்பிடலாம்."

சாப்பிடும்போது உன்னைப் பற்றிக் கேட்டார். புல் இருக்கிறது என்று கண்டுபிடித்தவன் நீதான் என்று சொன்னேன். முகம் மலர்ந்தது, "கெட்டிக்காரன்" என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல் கரண்டியைக் கீழே வைத்தார். "அதுசரி, என் பிறந்தநாள் அன்னைக்கு என் மேஜையிலேர்ந்து சாப்பிடாம எந்திரிச்சுப் போனானே, அந்தக் கெட்டிக்காரன் எப்ப வரான்?"

ஞாயிற்றுக்கிழமை வருகிறாய் என்று சொல்லிவிட்டேன். தெருவில் எல்லோருக்கும் தகவல் போய்விட்டது. தொண்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்து சேர்.

அண்ணன்